ஹென்றி மூரின் குடும்பக் குழுச் சித்திரங்கள்

சிற்பம் ஒன்று முற்றுப்பெற்றுப் பீடத்தில் ஏறிய பின்னர் அது பிறந்த வழியைப் பெரும்பாலோர் உசாவுவதில்லை. உளி பட்ட தழும்புகள் தேய்த்து அழிக்கப்பட்டுவிடும். களிமண் மாதிரிகள் உடைந்துபோம். தாளிற் கிறுக்கிய கோடுகள் குப்பையொடு குப்பையாகும். முற்காலத்துச் சிற்பியர் எத்தனை முறை எண்ணி, எத்தனை முறை மாற்றி ஓர் உருவத்தை அமைத்தனர் என்பதை அறிய இன்று வழியில்லை. இருபதாம் நூற்றாண்டின் ஆங்கிலச் சிற்பியருள் தலையாயவராக மதிக்கப்படும் ஹென்றி மூர் (1898–1986) திறத்தில் நிலைமை வேறு. அவர் வரைந்த தாள்கள் ஆயிரக்கணக்கில் எஞ்சியுள்ளன. அவற்றுள்ளும் 1944ஆம் ஆண்டையும் அதனை அடுத்த ஆண்டுகளையும் சேர்ந்த குடும்பக் குழுச் சித்திரங்கள், ஒரு சிற்பக் கருத்து எவ்வாறு தோன்றி, எவ்வாறு தடைப்பட்டு, எவ்வாறு நிறைவேறியது என்பதைத் தெளிவாகக் காட்டும் சான்றுகளாகும்.

இச்சித்திரங்களைப் பற்றி வழங்கும் கதை ஒன்று உண்டு. மூருக்கும் அவர் மனைவி இரீனாவுக்கும் மணமாகிப் பதினாறு ஆண்டுகளுக்கு மேற் கழிந்த பின்னர், 1946ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், மேரி என்னும் மகள் பிறந்தாள். நெடுநாட் காத்திருந்து பெற்ற மகவின் மகிழ்ச்சியே தந்தையும் தாயும் சேயுமாய் அமைந்த குடும்ப உருவங்களைத் தோற்றுவித்தது என்பர். கேட்பதற்கு இனிய கதைதான். ஆயின் ஆண்டுக் கணக்கு அதற்கு இடந்தரவில்லை. குடும்பக் குழுவின் முதற் சித்திரங்களும் அவற்றைப் பின்பற்றிச் செய்த சுடுமண் மாதிரிகளும் 1944, 1945ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. மகள் பிறக்கு முன்னரே தாளிற் குடும்பம் பிறந்துவிட்டது. அக்கருத்தின் வித்தோ அதற்கும் ஏறக்குறையப் பத்தாண்டுகள் முற்பட்டது; அது விழுந்த இடமும் சிற்பியின் இல்லமன்று, ஒரு பாடசாலையைப் பற்றிய உரையாடலாகும்.

கேம்பிரிட்சுக் கோட்டத்தின் வித்தியாதிபதியாக விளங்கியவர் ஹென்றி மொறிஸ் என்பார். கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை, வளர்ந்தோர்க்கு ஒரு வாசிகசாலை, ஊரார்க்கு ஒரு மண்டபம் என்று வெவ்வேறாக அமைப்பதைவிட, இவை யாவும் ஒரே வளவினுள் அமைந்த கிராமக் கல்லூரிகளை நிறுவ வேண்டும் என்பது அவர் கொள்கை. பகலிற் பிள்ளைகள் பயிலும் கூடத்தில் மாலையிற் பெற்றோர் பயில்வர்; கல்வி பதினான்கு வயதோடு முடிந்துபோகாது. இக்கொள்கை வழி எழுந்த கல்லூரிகளுள் இம்பிங்ரன் என்னும் ஊரில் அமைந்தது புகழ் மிக்கது. செருமனியிலிருந்து 1934ஆம் ஆண்டில் இங்கிலாந்து வந்து சேர்ந்த கட்டடக் கலைஞர் வால்ற்றர் குரோப்பியசும் ஆங்கிலேயரான மாக்ஸ்வெல் பிறையும் சேர்ந்து அதனை வரைந்தனர். கல்லூரி 1939இல் திறக்கப்பட்டது.

இக்கட்டடத்துக்கு ஒரு சிற்பம் வேண்டும் எனக் குரோப்பியசு மூரிடம் கேட்டது 1934ஆம் அல்லது 1935ஆம் ஆண்டளவில் எனச் சிற்பியே பிற்காலத்தில் எழுதிய கடிதமொன்றிற் குறித்துள்ளார். பிள்ளையையும் பெற்றோரையும் ஒரே கூரையின் கீழ்க் கொணரும் நிறுவனத்துக்கு எவ்வுருவம் பொருந்தும் என்று ஆராய்ந்தபோது, குடும்பமே பொருந்தும் என்னும் எண்ணம் எழுந்தது. அவ்வளவே, பணம் கிடைக்கவில்லை. குரோப்பியசு 1937இல் அமெரிக்கா சென்றுவிட்டார். ஈராண்டிற் போரும் மூண்டது.

கருத்து அன்றே தோன்றியிருப்பினும் அதனை உருவாக்குதற்கு வேண்டிய ஆயத்தம் அக்காலத்து மூரிடம் முழுமையாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. 1939க்கு முற்பட்ட அவர் சிற்பங்களை எடுத்து நோக்கின் இருவகை உருவங்களே மீண்டும் மீண்டும் வருதலைக் காணலாம். ஒன்று சாய்ந்து கிடக்கும் பெண். மற்றையது தாயும் சேயும். தாயும் சேயும் என்னும் பொருளை அவர் 1920களின் தொடக்கத்திலிருந்தே கையாண்டார். எனினும் தந்தை எங்கே? ஆடவன் உருவம் அவர் சிற்பங்களில் மிக அரிது. மூவர் நால்வர் கூடியிருக்கும் கூட்டமும் அரிது. உடுத்த உருவமும் அரிது. குடும்பக் குழுவுக்கு இம்மூன்றும் வேண்டும். இம்மூன்றையும் அவருக்குக் கற்பித்தது போர்க்காலம். கற்ற இடம் தாள்.

1940ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்து இரவொன்றில் மூரும் மனைவியும் இலண்டனிலிருந்து நிலக்கீழ்ப் புகையிரதத்தில் வீடு திரும்பினர். வானத்திலிருந்து குண்டுமாரி பொழிந்தமையால் பெல்சைஸ் பார்க் நிலையத்தினின்று வெளியேற இயலாமல் ஒரு மணி நேரம் அங்கேயே தங்க நேர்ந்தது. மேடை நெடுகிலும் ஆடவரும் பெண்டிரும் மழலைகளும் கம்பளி போர்த்துக் கிடந்தனர். தாம் இதுகாறும் கல்லிற் செதுக்கிய சாய்ந்த உருவங்கள் உயிர் பெற்று வரிசையாகக் கிடப்பதுபோல் அவருக்குத் தோன்றியது. போர்க்காலக் கலைஞர் குழுவின் தலைவராயிருந்த கென்னத் கிளாக் இச்சித்திரங்களைக் கண்டு அக்குழுவின் சார்பில் மேலும் வரையப் பணித்தார். மூர் வாரந்தோறும் இரவுகளிற் பதுங்கிடங்களைச் சுற்றிவந்தார். உறங்குவோர் முன்னின்று வரைதல் அவர்தம் அந்தரங்கத்துட் புகுவதாகும் என்று கருதியமையால், உறையொன்றின் பின்புறத்திற் சில சொற்களைக் குறித்துக்கொண்டு வந்து வீட்டிலிருந்து நினைவினால் வரைந்தார். இவ்வொழுக்கம் கலைக்கும் நன்மை பயந்தது. நினைவில் நின்றவை முகங்களல்ல. உடல்கள் ஒன்றையொன்று அண்டியிருந்த முறையே நின்றது. தோளோடு தோள் சாய்ந்தமை, ஒரே போர்வை இருவரைச் சேர்த்து மூடியமை, தாயின் மடிப்பில் மகவு அமிழ்ந்து கிடந்தமை என்பனவே தாளில் ஏறின.

அடுத்து வந்தது நிலக்கரிச் சுரங்கம். மூர் யோக்சயரிற் காசில்போட் என்னும் சுரங்க நகரிற் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளுள் ஏழாமவர். தந்தை ரேமண்ட் மூர் வீல்டேல் சுரங்கத்தில் உழைத்தவர். தாமே முயன்று கற்ற அவர், தம் பிள்ளைகள் சுரங்கத்துள் இறங்காது ஆசிரியராதல் வேண்டும் என்று உறுதி பூண்டிருந்தார். சிற்பியாக விரும்பிய மகனை, முதலில் ஆசிரியத் தகைமை பெறுக, பின்னர் வேண்டியது செய்க என்று வற்புறுத்தியவரும் அவரே. மகன் சிறிது காலம் ஊர்ப் பாடசாலையிற் படிப்பித்து, 1917இற் படையிற் சேர்ந்து, கம்பிறேப் போரில் நச்சுப் புகையுண்டு மீண்டு, முன்னாட் படைவீரர்க்குரிய உதவிப் பணத்தில் 1919இல் லீட்சுக் கலைக்கல்லூரி புகுந்தார். தந்தை 1922இற் காலமானார். மகனது புகழ் எதனையும் அவர் காணவில்லை. போர்க்காலக் கலைஞர் குழு அடுத்த பணியாகச் சுரங்கத் தொழிலாளரை வரையுமாறு வேண்டியபோது, 1941ஆம் ஆண்டின் இறுதியில் மூர் இறங்கியது தந்தை உழைத்த அதே வீல்டேல் சுரங்கத்துள்ளாகும். தாம் ஆடவன் உடலையும் அதன் இயக்கத்தையும் கண்டுகொண்டது அவ்விருளிலேதான் என்று மூர் பின்னர் கூறினார். குடும்பக் குழுவில் தந்தை வந்து அமர்ந்த வரலாற்றுக்கு இதனைவிடப் பொருத்தமான தொடக்கம் வேறில்லை.

இவ்விருவகைச் சித்திரங்களையும் வரைந்த முறை பின்வந்த குடும்பச் சித்திரங்களுக்கும் உரியதாகையால் அதனைச் சிறிது விரித்தல் தகும். தம் மருமகளான சிறுமி ஒருத்தியை மகிழ்விக்க அவள் வாங்கி வைத்திருந்த மலிவான மெழுகு வண்ணக் கட்டிகளைக் கொண்டு மூர் ஒருநாள் படம் வரைந்தார். அதன்மேல் நீர்வண்ணத்தைப் பூசினார். மெழுகு நீரை ஏற்காது. கோடிருந்த இடத்தில் வண்ணம் விலகி ஓட, எஞ்சிய இடத்தில் ஊறிப் பரந்தது. தற்செயலாகக் கண்ட இவ்வுத்தியை அவர் கைவிடவில்லை. வெண்ணிற அல்லது மஞ்சள் மெழுகினால் உருவத்தின் ஒளி மிக்க பாகங்களைக் குறித்து, மேலே கருமை கலந்த நீர்வண்ணம் பூசி, உலர்ந்த பின் பேனாவும் மையுங் கொண்டு உறுப்புக்களை வரையறுப்பார். இருளினின்று உருவம் தானாக எழுந்து வருவது போன்ற தோற்றம் இதனாற் கிடைத்தது.

மற்றுமோர் உத்தி கோடு பற்றியது. ஓவியர் பலர் ஒரு பொருளின் திரட்சியைக் காட்ட, ஒளி ஒரு பக்கத்திலிருந்து வீழ்வதாகக் கொண்டு மறுபக்கத்தை நிழலிட்டு வரைவர். மூர் ஒளியை நம்பவில்லை. உடலின் நெடுமை வழியே ஒரு கோடும், அதனைக் குறுக்கே சுற்றி ஒரு கோடுமாக, பனையோலைப் பெட்டியின் இழைகள் அதன் வடிவை வளைந்து காட்டுவதுபோல், வலைபின்னியவாறு வரைந்தார். முழங்கால் எங்கே உருண்டு திரும்புகிறது, தோள் எங்கே குழிந்து கழுத்தைச் சேர்கிறது என்பதைக் கண் அக்கோட்டின் வழியே தடவியறியும். இத்தகைய தாளைக் கையிற் கொண்டு களிமண்ணைப் பிசைபவனுக்கு ஐயம் எழாது. இவை சித்திரமாகவும் நிற்கின்றன. சிற்பத்துக்குரிய அளவைக் குறிப்பாகவும் நிற்கின்றன.

போர் முடிவை நெருங்கிய 1944ஆம் ஆண்டில் மொறிஸ் மீண்டும் வந்தார். இம்பிங்ரன் சிற்பத்துக்கு இம்முறை பணம் திரட்டலாம் என்னும் நம்பிக்கை அவருக்கு இருந்தது. அதே ஆண்டிலேதான் இங்கிலாந்தின் புதிய கல்விச் சட்டம் நிறைவேறி, எல்லாப் பிள்ளைகளுக்கும் இடைநிலைக் கல்வி உரித்தாக்கப்பட்டது. அடுத்த ஆண்டில், இரண்டாம் பிள்ளை முதலாக ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் ஐந்து சிலிங் வழங்கும் குடும்ப உதவிச் சட்டம் வந்தது. அரசியலாளர் நாவிலும் குடும்பம் என்னும் சொல் அடிக்கடி பயின்ற காலம் அது. அக்காலத்து ஆர்வமே சிற்பத்தில் ஏறியது எனச் சிலர் எழுதுவர். அதில் உண்மை இல்லாமலில்லை. குடும்பக் குழுவை வேண்டியோர் யாவரும் கல்வியாளரும் நகரமைப்போருமே. ஆயினும் தாள்களைப் புரட்டிப் பார்ப்போர்க்கு அங்கே புலப்படுவது கொள்கை முழக்கமன்று. ஓர் அமைப்புச் சிக்கலோடு ஓயாது மல்லாடும் கையே.

அச்சிக்கல் இது. தாயும் சேயும் என்பது இயல்பாகவே ஒன்றுபட்ட உருவம். பெரியது சிறியதைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும். தந்தையைச் சேர்த்தவுடன் அவ்வொருமை குலைகிறது. ஏறக்குறைய ஒரே அளவான இரு பேருருவங்கள் அருகருகே அமர்ந்தால் அவை இரண்டு தூண்கள், இடையில் வெற்றிடம். குழந்தையைத் தாய் மடியிலேயே விட்டால் தந்தை அயலானாவான். இருவருக்கும் நடுவே நிறுத்தினாலோ புகைப்படத்துக்கு நிற்கும் குடும்பம்போல் உயிரற்றுப் போகும். மூரின் தாள்கள் இவ்வழிகள் யாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கின்றன. ஒரே தாளில் நான்கு ஐந்து குழுக்கள் வரிசையாக அமர்ந்திருக்கும். ஒன்றிற் குழந்தை ஒன்று. மற்றொன்றில் இரண்டு, பெற்றோர் ஒவ்வொருவரிடத்தும் ஒவ்வொன்றாக. ஓரிடத்தில் தந்தையின் கை தாயின் தோளைச் சுற்றி வருகிறது. வேறோரிடத்தில் முழந்தாள்கள் நெருங்கி ஒரு தொட்டில் போலாகின்றன. பதுங்கிடத்துப் போர்வை இங்கே இருவர் முழங்கால்களையும் இணைக்கும் ஆடையாகிறது. முகங்களுக்கு அவர் அதிகம் மெனக்கெடவில்லை. தலைகள் சிறியவை, உடல்கள் பருத்தவை. உணர்ச்சி கண்ணிலோ இதழிலோ இல்லை. கைகள் செல்லும் திசையில் உள்ளது.

அவ்வேளையில் அவர் மற்றுமொரு பணியை முடித்திருந்தார். நோதாம்டன் நகரத்துப் புனித மத்தேயு தேவாலயத்துக்கெனக் கல்லிற் செய்த மரியன்னையும் மகவும் 1944 பெப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. அதற்கும் முதலிற் சித்திரங்கள், பின்னர் களிமண் மாதிரிகள் என்னும் ஒழுங்கையே பின்பற்றினார். தெய்வ அன்னையின் அமைதிக்கும் சாதாரணத் தாய் ஒருத்தியின் அமைதிக்கும் வேறுபாடு யாது என்று அப்போது எண்ணியதன் பயன் குடும்பச் சித்திரங்களிலும் தெரிகிறது. இவர்கள் வழிபடப்படுவோர் அல்லர். ஆயினும் அற்பமான வீட்டுக் காட்சியும் அன்று. பிரித்தானிய அரும்பொருட்சாலையில் மாணாக்கனாய் இருந்த நாள் முதல் அவர் கண்டு வியந்த எகிப்தியச் சிற்பங்களின், அருகருகே அமர்ந்த கணவன் மனைவி உருவங்களின், அசையா நிலை இங்கே சற்று இளகி வந்துள்ளது எனலாம்.

தெரிந்தெடுத்த சித்திரங்களைக் கொண்டு பத்துக்கு மேற்பட்ட சிறு மாதிரிகளைச் சுடுமண்ணிற் செய்தார். பெரும்பாலன ஒரு சாண் உயரத்துக்கு மேற்படாதவை. சில வெண்கலத்திலும் வார்க்கப்பட்டன. மொறிஸ் அவற்றைப் பார்த்து மகிழ்ந்தார். எனினும் அவரது கல்விப் பகுதியின் ஆதரவு கிட்டவில்லை, பணமும் சேரவில்லை. இரண்டாம் முறையும் முயற்சி கைநழுவியது. கலைஞன் ஒருவன் தன் மாதிரிகளைத் தட்டில் வைத்து மூடிவிட்டு வேறு பணிக்குச் செல்லத்தக்க தருணம் அது. மூரும் அவ்வாறே சென்றார். ஆனால் குடும்பத்தை வரைவதை நிறுத்தவில்லை. வேண்டுவோர் இல்லாதபோதும் 1946, 1947ஆம் ஆண்டுகளில் அச்சித்திரங்கள் தொடர்ந்தன. மகள் பிறந்த மகிழ்ச்சி பற்றிய கதைக்கு உரிய இடம் இங்கேதான் உள்ளது. கருத்தைத் தந்தது மகள் அல்லள். கைவிடப்பட்டிருக்கக்கூடிய கருத்துக்கு வீட்டினுள்ளேயே புத்துயிர் கிடைத்தது என்று கொள்வது ஆண்டுகளோடும் பொருந்தும், மனித இயல்போடும் பொருந்தும்.

மீட்டவர் மற்றொரு வித்தியாதிபதி. ஹேர்ட்பட்சயரின் ஜோன் நியூசம் மொறிசின் நண்பர்; கலையில் நாட்டமுடையவர்; மூர் 1940 தொடக்கம் குடியிருந்த பெரி கிறீன் என்னும் சிற்றூரும் அவர் கோட்டத்தினுள்ளேயே இருந்தது. ஸ்டீவனேஜில் எழுந்துகொண்டிருந்த பார்க்கிளேப் பாடசாலைக்கு ஒரு சிற்பம் வேண்டும் என்றார். பழைய மாதிரிகளுள் ஒன்று தெரிவு செய்யப்பட்டது. 1948–49இல் அதனை ஏறக்குறைய ஐந்தடி உயரத்துக்குப் பெருக்கி வெண்கலத்தில் வார்த்தனர். மூரின் முதற் பெரிய வெண்கலச் சிற்பம் அதுவே. இதன் வார்ப்புக்களுள் ஒன்று இலண்டன் ரேற் கலைக்கூடத்திலும், மற்றொன்று நியூயோர்க்கின் நவீனக் கலை அரும்பொருட்சாலையிலும் உள்ளன.

தாள்களிற் பல ஆண்டு தேடிய விடை இவ்வெண்கலத்திற் கிடைத்தது. குழந்தை தாய் மடியிலும் இல்லை, தந்தை மடியிலும் இல்லை. இருவர் கைகளும் இடையே சந்தித்து அதனைத் தாங்குகின்றன. ஒருவர் மற்றவர்க்குக் கொடுக்கிறாரா, பெறுகிறாரா என்பது தெரியாது. பெற்றோர் கரங்களும் குழந்தையும் ஒரு முடிச்சாகி மூவரையும் பிணைக்கின்றன என்னும் பொருளில் மூரும் எழுதியுள்ளார். இடையிருந்த வெற்றிடம் மறைக்கப்படவில்லை. அதுவே குழந்தையின் இருப்பிடமாயிற்று. சித்திரங்களை அறியாதார்க்கு இது எளிய அமைப்பாகத் தோன்றும். கைவிட்ட வழிகளைக் கண்டவர்க்கே இந்த எளிமையின் விலை விளங்கும்.

சித்திரத்துக்கும் சிற்பத்துக்கும் உள்ள உறவு பற்றி மூர் 1937இலேயே எழுதியிருந்தார். சிற்பக் கருத்துக்களைத் தம்முள்ளிருந்து அகழ்ந்தெடுக்கவும், அவற்றை வகைப்படுத்தி வளர்க்கவுமே தாம் வரைவதாகவும், தாளில் ஒன்றை முற்ற முடித்துவிட்டாற் சிற்பம் வெறும் பிரதியாகிவிடும் என அஞ்சுவதாகவும் அதிற் கூறினார். அப்படியாயின் மெழுகும் மையும் நீர்வண்ணமும் கொண்டு நிறைவாக முடித்த குடும்பச் சித்திரங்கள் அவர் தம் விதிக்கே மாறானவை அல்லவோ எனக் கேட்கலாம். ஒரு பகுதி மாறானவையே. போர்க்காலத்திற் கல்லும் உலோகமும் அவற்றை ஏற்றிச்செல்லும் வசதியும் அருகியமையால், 1940 முதற் சில ஆண்டுகள் அவர் சிற்பம் செய்தது மிகக் குறைவு. சித்திரமே அவர் முதன்மையான கலையாயிருந்தது. அதிற் பெற்ற தேர்ச்சியைக் கை எளிதில் மறக்கவில்லை. ஆயினும் அவர் அஞ்சிய தீங்கு நேரவில்லை. ஒரு தாள் ஒரு சிற்பமாக மாறவில்லை. பல தாள்கள் சேர்ந்து ஒரு மாதிரிக்கு வழிவிட்டன.

1950களில் நிலைமை மாறியது. ஒரு சித்திரம் ஒரு பக்கத்தையே காட்டும். எல்லாப் பக்கமும் வெவ்வேறாக அமையும் உருவத்துக்கு எத்தனையோ சித்திரங்கள் வேண்டும் என்று உணர்ந்த மூர், கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கக்கூடிய சிறு மாதிரிகளையே முதலிற் செய்யலானார். முன்வரைவு அவர் தொழில்முறையிற் பின்னிடம் பெற்றது. அவ்வகையிற் குடும்பச் சித்திரங்கள் ஒரு காலப் பகுதியின் நிறைவுமாகும். ஹார்லோ என்னும் புதுநகரின் கலை நிதியம் வேண்டியபோது, 1954–55இற் குடும்பக் குழுவை மீண்டும், இம்முறை கல்லில், செய்தார். 1956இல் அதனைத் திறந்துவைத்தவர், பதுங்கிடச் சித்திரங்களை முதலில் ஏற்ற கென்னத் கிளாக். அப்போது புதிதாக வரைந்து தேட வேண்டியிருக்கவில்லை. 1944–45இல் இம்பிங்ரனுக்கென எழுந்த எண்ணங்களையே எடுத்துப் பெருக்கினார். வெளியில் நின்ற அச்சிற்பம் பின்னர் பாதுகாப்புக் கருதிக் கட்டடத்தினுள்ளே கொண்டுசெல்லப்பட்டது.

சித்திரங்களின் இன்றைய நிலை அத்துணை ஒழுங்கானதன்று. மூர் தம் குறிப்பேடுகள் பலவற்றை ஏடேடாகப் பிரித்து விற்றும் வழங்கியும் விட்டமையால், அடுத்தடுத்து வரைந்த தாள்கள் வெவ்வேறு நாடுகளின் அரும்பொருட்சாலைகளிலும் தனியார் இல்லங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. பெரி கிறீனில் 1977இல் நிறுவப்பட்ட ஹென்றி மூர் நிதியம் எஞ்சியவற்றைப் பேணி, ஏனையவற்றை எண்ணிட்டு வரிசைப்படுத்திப் பெரிய தொகுதிகளாக வெளியிட்டுள்ளது. அவ்வெண்கள் வழியே பக்கம் பக்கமாகச் சென்றால், இம்பிங்ரன் கேட்டுப் பெறாத குடும்பத்தைத் தாளிலேனும் மீண்டும் ஓரிடத்திற் கூட்டிப் பார்க்கலாம்.